அக்காவுக்குப் போன உப்புத்தண்ணீர்

எங்கள் வீட்டில் எது வந்தாலும் இரண்டாகத்தான் வரும். தீபாவளிப் புடவை என்றால் ஒரே கடை, ஒரே விலை, நிறம் மட்டும் வேறு. குக்கர் வாங்கினால் இரண்டு, கொசுவலை வாங்கினால் இரண்டு. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் இந்த வீட்டில் கீழ் போர்ஷன் என் ஓரகத்திக்கு, மாடி எனக்கு. அவர் மூத்த மருமகள், நான் இளையவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். அக்கா என்று வாய்நிறையக் கூப்பிட்டுக்கொண்டே சண்டை போடுவதற்கு ஒரு தனித்திறமை வேண்டும். எனக்கு அது உண்டு. மோட்டாரை நிறுத்தாமல் விட்டது யார், மாடிப்படியில் செருப்பைக் கழற்றிப் போட்டது யார் என்று ஏதாவது ஒன்று தினமும் கிடைத்துவிடும். என் கணவரும் அவருடைய அண்ணனும் இதில் தலையிட்டதே கிடையாது. சத்தம் அதிகமானால் டிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொள்வார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் தகராறு வந்ததில்லை. எதிலும் மூத்தவர்தான் முதல். குத்துவிளக்கில் முதல் திரி அவர் ஏற்றுவார். தாம்பூலம் அவர் வாங்கிய பிறகுதான் நான் வாங்குவேன். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் படியேறும் இடத்தில் நான் ஒதுங்கி நின்று, "நீங்க போங்கக்கா" என்பேன். அவர் போவார். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, வந்த புதிதில் பார்த்துப் பழகியதுதான். அவருக்கும் அது மரியாதையாகத் தோன்றியிராது, அவ்வளவு பழகிப்போயிருந்தது.

ஒரே ஒரு நாள் நான் ஒதுங்கவில்லை. அந்த நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவில் காலேஜ் படிக்கும் பெண் ஒருத்தி டெங்குவில் இறந்துபோனாள். என்னிடம் கணக்குப் படித்தவள். பதினொன்றாம் வகுப்பில் வகுப்பு முழுக்கப் பேசிக்கொண்டே இருந்து என்னிடம் திட்டு வாங்கியவள். அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு பல நாட்கள் தெருவே கொசுவைப் பற்றித்தான் பேசியது. கார்ப்பரேஷன் ஆட்கள் புகை அடித்தார்கள். அதற்குப் பிறகுதான், டெங்குவுக்கு ஒரு தடுப்பூசியைச் சோதித்துப் பார்க்கிறார்கள், திருச்சி தென்னூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அதற்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சக டீச்சர் ஒருவர் சொன்னார்.

நான் போகிறேன் என்றேன். "யாராவது கையை நீட்டினாத்தானே நாளைக்கு ஊசின்னு ஒண்ணு வரும்" என்று வீட்டில் பெரிய பேச்செல்லாம் பேசினேன். டீச்சர் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வியாதி உண்டு; வீட்டுக்கு வந்தாலும் கையில் சாக்பீஸ் இருப்பதாகவே நினைப்பு. அக்கா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நானும் வரேன்" என்றார். உனக்கு வருவது எனக்கு ஏன் வரக்கூடாது என்று அதற்கு அர்த்தம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

முதலில் ஒரு நாள் போய் ரத்தம் கொடுத்தோம். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். பொறுமையாக உட்கார்ந்து சொன்னார்.

"சிலருக்குப் போடுற ஊசியில மருந்து இருக்கும்மா. சிலருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு எங்களுக்கே தெரியாது. நீங்க வர்ற வரிசையில நம்பர் குடுப்போம். எந்த நம்பருக்கு எதுங்கறத கம்ப்யூட்டர் முன்னாடியே முடிவு பண்ணியிருக்கும்."

"உப்புத்தண்ணி எதுக்குங்க? அது வீட்லயே இருக்கே" என்றார் அக்கா.

டாக்டர் சிரித்துவிட்டார். ரெண்டு கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும், தண்ணீர் போட்டுக்கொள்கிறவர்கள் இல்லாமல் எந்த ஊசியும் உலகத்துக்கு வராது என்றார். மருந்து நல்லதென்று தெரிந்தால் அவர்களுக்கும் பின்னால் அதைப் போடுவோம் என்றார். அக்கா நன்றாகப் புரிந்துகொண்டார். திரும்பி வரும்போது என்னிடம், "பூவா தலையா மாதிரிதான?" என்று கேட்டார். வருஷா வருஷம் நிகழ்தகவுப் பாடத்தை நாணயத்தைச் சுண்டிக் காட்டித்தான் ஆரம்பிப்பேன். நான் ஒரு பீரியடு முழுக்கச் சொல்வதை அவர் பஸ்ஸில் நின்றுகொண்டே சொல்லிவிட்டார் என்று அன்றைக்கு அவர் மேல் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஊசி போடும் நாளன்று அந்தப் பெருமை நிலைக்கவில்லை. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறியதும் அக்காவுக்குத் தெரிந்த ஒரு அம்மாள் கிடைத்துவிட்டார், அக்கா பிறந்த ஊரான தொட்டியத்துக்காரர். தொட்டியத்திலிருந்து அக்காவின் அண்ணன் வீட்டில் வாழைத்தார் அனுப்புவார்கள். வழக்கம்போல அதிலும் பாதி எனக்கு வரும். அன்றைக்கு அக்கா அந்த அம்மாளிடம், முன்சீட்டு வரை கேட்கும்படி, "எங்க ஊர்க் காயெல்லாம் இவ வாய்க்குப் பிடிக்காது. வாங்கி வச்சுக்கிட்டு அப்படியே வேலை செய்யற பொண்ணுகிட்ட தூக்கிக் குடுத்துருவா. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு" என்றார்.

உண்மைதான். கொடுத்திருக்கிறேன். எனக்கு வாழைக்காய் ஒத்துக்கொள்ளாது, அதைச் சொன்னால் அவர் வருத்தப்படுவார் என்று சொல்லாமல் இருந்தேன். உண்மையாக இருந்ததால்தான் கோபம் தலைக்கேறியது. காவிரிப் பாலத்தில் ஆரம்பித்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தேன்.  தென்னூருக்குப் போய், ஆஸ்பத்திரி பெஞ்சில் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தோம்.

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, "அடுத்தவங்க வாங்கம்மா" என்றார்.

எத்தனையோ வருஷப் பழக்கத்தில் என் வாயில் "நீங்க போங்கக்கா" வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு எழுந்தேன். அவரைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன். நர்ஸ் எனக்கு ஒரு நம்பர் கொடுத்தார். எனக்கு அடுத்து வந்த அக்காவுக்கு அதற்கு அடுத்த நம்பர். இவ்வளவுதான் நான் செய்தது. எழுதிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை.

அன்றிரவு எனக்குக் கை கனத்தது. மறுநாள் உடம்பு சுட்டது, பள்ளிக்கு லீவு போட்டேன். அக்கா மாடிக்கு ரசம் கொண்டுவந்து கொடுத்து, "எனக்கு ஒண்ணுமே பண்ணல பாத்தியா? நல்ல ரத்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சண்டை அதோடு முடிந்தது. எங்கள் சண்டைகள் எல்லாம் ரசத்தில்தான் முடியும். ஆனால் அவர் படியிறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது, எனக்கு மருந்து, அவருக்குத் தண்ணீர் என்று. காய்ச்சலை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டமுடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா தன் பங்குக்கு, ஊசி போட்டாயிற்று என்று நிம்மதியாகிவிட்டார். பூவா தலையா என்று கேட்டவர் அவர்தான். ஆனாலும் கையில் ஊசி குத்திய பிறகு அதில் மருந்து இல்லை என்று நம்புவது யாருக்குமே கஷ்டம். பின்கட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மை மூடாமலே விட்டார். "நாமதான் ஊசி போட்டாச்சே" என்பார். நான் நாலைந்து முறை மூடினேன். பிறகு எனக்கும் சலித்துப்போயிற்று.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. இது வேறு காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு இருந்தார். ஆய்விலிருந்து போன் செய்து விசாரித்தவர்களிடமும், "லேசா ஜலதோஷம்ங்க, வேற ஒண்ணும் இல்ல" என்றார். காய்ச்சல் விட்டதும் எழுந்து குளித்து சாம்பார் வைத்தார். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். கையைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. பல் ஈறில் ரத்தம்.

ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தார். அவர் என் மேல் சாய்ந்தது அதுதான் முதல் தடவை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். நாங்கள் வெளியே. ரத்தத்தில் தட்டணு குறைகிறது, ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிறது என்றெல்லாம் வந்து வந்து சொன்னார்கள். தொட்டியத்திலிருந்து அவருடைய அண்ணன் பப்பாளி இலைச் சாற்றைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு வந்து, உள்ளே விடச் சொல்லி வாட்ச்மேனோடு மல்லுக்கட்டினார். எனக்கு அழுகை வரவில்லை. நான் என் இடது கையின் மேல்பக்கத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "கை வலிக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அக்கா பிழைத்தார். அந்த வார்த்தையை எழுதிய பிறகுதான் இப்போதும் எனக்கு மூச்சு சரியாக வருகிறது. ஆனால் வீட்டுக்கு வந்தவர் பழைய ஆளாக இல்லை. தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. மாடிக்கு ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார். அங்கே உட்கார்ந்துகொண்டே மோட்டாரைப் பற்றிக் கத்துவார், குரல் மட்டும் குறையவில்லை.

ஆய்வின் அந்தக் கட்டம் முடிந்து, யார் யாருக்கு என்ன போட்டது என்று சொல்வதற்கு இந்த வருஷம் எங்களைக் கூப்பிட்டார்கள். அதே டாக்டர் பெண். எனக்குப் போட்டது மருந்து. எனக்கு அடுத்த நம்பருக்கு உப்புத்தண்ணீர்.

"அதான பாத்தேன். எனக்கு வலிக்கவே இல்லையே" என்று அக்கா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம்பர் வரிசையாகத்தானே கொடுத்தார்கள். வழக்கம்போல அவர் முதலில் போயிருந்தால் அந்த மருந்து அவர் கைக்குள் போயிருக்கும். தண்ணீர் எனக்கு வந்திருக்கும். நாணயத்துக்கு யார் பெரியவர், யார் சின்னவர் என்று தெரியாது, யார் மேலும் குற்றமில்லை என்று என் மாணவர்களுக்கு நானே சொல்லுவேன். கணக்குப்படி அது சரி. ஆனால் நாணயம் விழுந்த இடத்தில் இருந்தவரை நான் நகர்த்தியிருக்கிறேன். கொழுப்பெடுத்துப் போய், ஒரு வாழைக்காய்ப் பேச்சுக்காக.

நான் டாக்டரிடம் கேட்டேன். கேட்டேன் என்பதைவிடச் சண்டைக்குப் போனேன் என்று சொல்லலாம். "உப்புத்தண்ணி போட்டவங்களுக்குப் பின்னாடி மருந்து போடுவோம்னு சொன்னீங்களே. எப்ப போடுவீங்க?"

"தீர்மானம் ஆனதும் போடுவோம்மா. முடிவையெல்லாம் சரிபார்க்கணும், அனுமதி வரணும். அக்காவுக்கு ஒரு தடவை வந்துட்டதால அவங்களுக்குப் போடலாமாங்கறதையும் தனியாப் பாக்கணும்."

"அதுக்குள்ள இன்னொரு மழை வந்துடுமே. திரும்ப வந்தா?"

அவர் அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "டெங்குல நாலு வகை இருக்கு. ஒரு வகை வந்தவங்களுக்கு இன்னொரு வகை வந்தா சில சமயம் மோசமாப் போகலாம். ஜாக்கிரதையா இருக்கணும்."

"கைவசம் கொஞ்சம்கூட இல்லையா?"

இல்லை என்றார். ஆய்வுக்கென்று செய்தது ஆய்வோடு தீர்ந்தது. இனிமேல் பெரிய அளவில் செய்யவேண்டும். செய்கிற தொழிற்சாலை, வாங்குவதற்கு ஆள் உறுதியாகட்டும் என்று காத்திருக்கும். வாங்கவேண்டிய அரசாங்கங்கள், முதலில் மருந்து வெளியே வரட்டும் என்று காத்திருக்கும். பணம் கொடுக்கிற பெரிய அமைப்புகள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருக்கும். "எல்லாரும் வாசல்ல நின்னுக்கிட்டு நீங்க முதல்ல, நீங்க முதல்லன்னு சொல்லிக்கிட்டு இருப்பாங்கம்மா" என்றார். அந்தப் பெண் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை, அவருக்கு என்ன தெரியும். எனக்குத்தான் காது சுட்டது.

கொரோனா வந்தபோது இப்படியா நடந்தது? அப்போது பணக்கார நாட்டுக்காரர்கள் யாரும் வாசலில் மரியாதை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நான் முதல், நான் முதல் என்று ஜனத்தொகைக்கு மேலேயே முன்பதிவு செய்துகொண்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டபோதுகூட, டீச்சர் என்பதால் எனக்கு முன்னாலேயே கிடைத்தது. தெருவில் மற்றவர்கள் வெயிலில் டோக்கனுக்கு நின்றார்கள். டெங்கு, குளிர் நாட்டுக்காரர்களை அதிகம் பிடிக்காத நோய். அதனால் அதற்கு அவசரம் இல்லை. ஏதோ ஒரு தூரதேசத்து ஆய்வகத்தில் கிருமியைப் பலவீனமாக்கினார்கள், நம் நாட்டில் ஒரு தொழிற்சாலையில் ஊசியாக்கினார்கள், எங்கள் கைகளில் குத்திப் பார்த்தார்கள். இத்தனை பேர் சேர்ந்து செய்ததை, செய்து முடித்த பிறகு தொடர்ந்து செய்யவும் கொண்டுபோய்ச் சேர்க்கவும் ஒரு ஏற்பாடு இல்லை. ஒவ்வொரு நோய்க்கும் புதிதாகக் கூடி, புதிதாகக் கலைகிறார்கள். இதையெல்லாம் தேடித்தேடிப் படித்தேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யார்மேலாவது ஆத்திரப்பட்டால் கொஞ்ச நேரத்துக்கு என்மேல் இருப்பது மறந்துபோகும், அதற்காகவும் படித்தேன் என்று நினைக்கிறேன்.

ஐப்பசி நெருங்க நெருங்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பள்ளி விட்டு வந்ததும் நேராகக் கீழ் போர்ஷனுக்குப் போய்விடுவேன். டிரம்மைக் கவிழ்த்து பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பேன். பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு, பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் கிடந்த தேங்காய் ஓடு என்று எதையும் விடவில்லை. என்னைக் கார்ப்பரேஷனில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்களா என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கிண்டல் செய்தார்கள்.

ஒரு சாயங்காலம் அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தபோது அக்கா பின்கட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தார்.

"எதுக்கு இப்படி உயிர விட்டு வேலை பாக்குற? ஸ்கூல்லேருந்து வந்து ஒரு வாய் காபி குடிச்சியா?"

"குடிக்கிறேன்க்கா."

"ஒண்ணு சொல்லணும் உங்கிட்ட. ரொம்ப நாளா சொல்லணும்னு இருக்கேன்." முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "அன்னைக்கு ஊசி போடப் போனோமே. நர்ஸ் கூப்பிட்டப்ப நான்தான எழுந்திருக்கணும். எப்பவும் நான்தான முதல்ல போவேன். எனக்கு உள்ளுக்குள்ள பயம். புது மருந்து, என்ன பண்ணுமோன்னு. உனக்குப் போட்டதும் எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போகலாம்னு வேணும்னே உக்காந்துட்டேன். உன்ன முன்னாடி தள்ளிவிட்டுப் பாத்திருக்கேன் பாரு. உனக்கு மறுநாள் காய்ச்சல் வந்தப்ப எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. அதுக்குத்தான் ரசத்த எடுத்துக்கிட்டு ஓடி வந்தேன். அந்தப் பாவம்தான் எனக்கே திரும்பி வந்துச்சு."

நான் பிரஷ்ஷைப் பிடித்தபடியே நின்றேன். இப்போது சொல்லிவிடவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. அக்கா, நானும் அன்றைக்கு வேண்டுமென்றேதான் எழுந்து போனேன், உங்கள்மேல் இருந்த கோபத்தில் போனேன், நீங்கள் முதலில் போயிருந்தால் இந்த நோய் உங்களுக்கு வந்திராது. இவ்வளவுதான் சொல்லவேண்டியது. வார்த்தைகள் எல்லாம் வாயில் தயாராக இருந்தன. அவருடைய கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வந்தவரிடம் மன்னிப்புக் கேட்பதைவிட, மன்னித்துவிடுவது எவ்வளவோ சுலபமாக இருந்தது.

"அதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்கக்கா. விடுங்க" என்றேன்.

"என்மேல கோவம் இல்லையே?"

"சேச்சே. என்னக்கா நீங்க."

அவர் என் ஈரக்கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிளீச்சிங் பவுடர் எரியப்போகிறது என்று கையை இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பி மாடிப்படியில் பாதி இறங்கியிருந்தேன். கீழே அக்கா வெளியூரில் இருக்கும் மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய குரலுக்கு ஸ்பீக்கர் தேவையே இல்லை.

"நேத்துதான்டா சொன்னேன் உன் சித்திகிட்ட. ஒரு வார்த்தை கடிஞ்சு பேசலடா அவ. இத்தன வருஷமா அவகூட சண்டை போட்டிருக்கேனே, அவ மனசு எனக்குத் தெரியாமப் போச்சே. நான்னா சும்மா விட்டிருப்பனா? நேத்து ராத்திரிதான்டா நிம்மதியாத் தூங்கினேன்."

நான் இறங்கவில்லை. அவர் பேசி முடித்து, போனை வைத்து, சமையலறைக்குள் போகும் வரையில் அங்கேயே நின்றேன். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்தேன்.